ஊசிக்கு முன்னால் ஒரு ஸ்கேன்

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. சுகப்பிரசவம்தான். ஆனால் நஞ்சுக்கொடி வெளியே வரத் தாமதமாகி ரத்தம் நிறையப் போய்விட்டது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அன்றிலிருந்து பால் சரியாகச் சுரக்கவே இல்லை. இடுப்பும் முதுகும் வலிக்கின்றன. நின்றுவிட்டது என்று நினைத்த ரத்தப்போக்கு, பத்து நாளாக விட்டுவிட்டு மறுபடியும் சிவப்பாக வருகிறது. ராத்திரியில் காரணமே இல்லாமல் அழுகிறேன். சீன முறையில் அக்குபஞ்சர் செய்யும் ஒருவர் நாடி பார்த்துவிட்டு, "ரத்தமும் உயிர்ச்சக்தியும் குறைந்துவிட்டன, பத்து முறை ஊசி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். பால் கொடுக்கும் தாய் ஊசி வைத்துக்கொள்ளலாமா? குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். பால் கொடுக்கும் தாய் அக்குபஞ்சர் செய்துகொள்ளலாம். அந்த ஊசியில் மருந்து எதுவும் இல்லை, பாலில் இறங்குவதற்கும் எதுவும் இல்லை. முறையாகப் படித்தவர், புது ஊசியால், இடம் தெரிந்து வைத்தால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் வராது.

ஆனாலும் இந்த வாரம் நீங்கள் முதலில் போக வேண்டியது உங்களுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவரிடம். உங்கள் கடிதத்தில் நான்கு தொந்தரவுகள் இருக்கின்றன. "பத்து நாளாக மறுபடியும் சிவப்பாக" என்ற வரியிலேயே நான் நின்றுவிட்டேன். நான் மகப்பேறு மருத்துவர். பின்னாளில் அக்குபஞ்சரும் முறையாகக் கற்றுக்கொண்டு, பல வருடமாக இரண்டையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். அதனால் ஊசிமேல் கோபம் கொண்டு நான் இதைச் சொல்லவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு வரும் உதிரப்போக்குக்கு ஒரு நடை உண்டு. முதல் சில நாள் நல்ல சிவப்பு, அப்புறம் பழுப்பும் இளஞ்சிவப்புமாக வெளிறி, பிறகு மஞ்சள் கலந்த வெள்ளையாகி, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஓய்ந்துவிடும். நடுவில் ஒருநாள் வேலை அதிகமாகிக் கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெளுத்து நின்றது திரும்பச் சிவந்து, பத்து நாள் விட்டுவிட்டு வருகிறது என்றால் கணக்கு வேறு. அதிலும் உங்களுக்கு நஞ்சு தாமதமாகத்தான் பிரிந்திருக்கிறது. கருப்பைக்குள் அதன் சின்னத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது உள்ளே கிருமி தொற்றியிருக்கலாம். இரண்டையும் ஒரு ஸ்கேனும் ஒரு பரிசோதனையும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் பால் பிரச்சினையும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். கர்ப்பத்தில் மார்பு பாலுக்குத் தயாராகவே இருக்கும். ஆனால் நஞ்சு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதைப் பூட்டி வைத்திருக்கும். நஞ்சு வெளியேறியதும் அந்த ஹார்மோன் சடாரென்று இறங்கும், பூட்டு திறக்கும், இரண்டு முதல் நான்கு நாளில் மார்பு கனத்துப் பால் இறங்கும். துணுக்கு உள்ளேயே தங்கிவிட்டால் சிலருக்கு அந்தப் பூட்டு சரியாகத் திறப்பதில்லை. அந்த நிலையில் எந்தப் புள்ளியில் எத்தனை ஊசி வைத்தாலும் துணுக்கு வெளியே வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயமுறுத்துவதற்காக இல்லை. கர்ப்பத்தில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பெரிதாகிறது, அதற்கு ரத்தமும் அதிகம் தேவைப்படுகிறது. பிரசவத்தில் ரத்தம் அளவுக்குமேல் போய் ரத்த அழுத்தம் சரிந்தால் அந்தச் சுரப்பி காய்ந்துபோகலாம். ஹெரால்ட் ஷீஹன் என்ற ஆங்கிலேய நோயியல் மருத்துவர் 1937இல் இதை விவரித்து எழுதினார், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அதன் முதல் அடையாளங்களில் ஒன்று பால் சுரக்காமல் போவது. தீராத அசதி, குளிர் தாங்காமை, தலைசுற்றல் என்று மற்றவை மெதுவாகச் சேரும். சரியான நேரத்தில் ரத்தம் ஏற்றியவர்களுக்கு இது அரிது. ஆனாலும் ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போயிருக்கிறது, பாலும் ஆரம்பத்திலிருந்தே இல்லை என்னும்போது, ஹீமோகுளோபினோடு தைராய்டு, பிட்யூட்டரி சார்ந்த ரத்தப் பரிசோதனைகளும் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். "பால் முதல் நாளிலிருந்தே இல்லை" என்பதை நீங்களாகச் சொல்லுங்கள். ஐந்தாவது வாரத்தில் பார்க்கிற மருத்துவர் அதைத் தாமாகக் கேட்காமல் விட்டுவிடலாம்.

இதெல்லாம் ஆங்கில மருத்துவத்தின் பிடிவாதம் என்று உங்கள் அக்குபஞ்சர் சிகிச்சையாளர் நினைக்கக்கூடும். உண்மையில் சீன மருத்துவமும் இதையேதான் சொல்கிறது. பச்சை உடம்பு என்று நாம் சொல்வதை அவர்கள் வேறு சொற்களில் சொல்கிறார்கள்: பிரசவித்த உடம்பில் குறைவும் அதிகம், தேக்கமும் அதிகம். அதாவது ரத்தமும் 'ச்சி' என்கிற உயிர்ச்சக்தியும் குறைந்திருக்கும், அதே சமயம் வெளியேற வேண்டிய பழைய ரத்தம் உள்ளே தேங்கியும் இருக்கலாம். உங்கள் சிகிச்சையாளர் உங்களிடம் குறையைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார், தேக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பிரசவித்தவளைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களை வரிசையாக விசாரிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய பாடம். முதலில் அடிவயிற்றில் வலி இருக்கிறதா, அதாவது உதிரம் உள்ளே தங்கியிருக்கிறதா. அடுத்து மலம் கழிகிறதா, உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா. மூன்றாவது பால் வருகிறதா, பசி எப்படி. உதிரம்தான் முதல் கேள்வி, கவனித்தீர்களா? அந்த உதிரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'அ லு', அழுக்குப் பனித்துளி என்பது போன்ற ஒரு பொருள். மூன்று வாரம் தாண்டியும் அது நிற்காவிட்டால் நோயாகவே எடுத்துக்கொள்வார்கள். சுமார் 1800 வருடத்துக்கு முன் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற சீன மருத்துவரின் நூலிலேயே பிரசவத்துக்குப் பிந்திய நோய்களுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. இழுப்பு, மயக்கம், மலச்சிக்கல் மூன்றையும் புதிதாகப் பிரசவித்தவளின் நோய்கள் என்று அது சொல்கிறது. அத்தனை பழைய மரபு, நாடியை மட்டும் பிடித்துப் பார்த்துப் பத்து முறை என்று கணக்குச் சொல்லச் சொல்லவில்லை.

என் தவறு ஒன்றையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அக்குபஞ்சர் கற்று முடித்த புதிது. பிரசவமாகி ஐந்தாம் நாள் ஒரு பெண் தலைவலி என்று வந்தாள். தூக்கம் இல்லை, தோள் இறுகிக் கிடக்கிறது, தலைவலிக்கு இதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் எல்.ஐ.4 புள்ளியில் ஊசி வைத்தேன். பத்து நிமிடத்தில் வலி கொஞ்சம் குறைந்தது என்றுகூட அவள் சொன்னாள். அப்போது உள்ளே வந்த நர்ஸ், வழக்கப்படி கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். 170க்கு 110. கர்ப்பத்தில் அழுத்தமே இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு, ஆறு வாரம் வரைகூட, இப்படி ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடலாம். எனக்கு அது தெரியாததல்ல. ஊசி கையில் இருந்ததால் ஊசிக்கேற்ற நோயாக அதைப் பார்த்துவிட்டேன். அவள் நலமாக வீடு திரும்பினாள், ஆனால் அதற்கு நான் காரணம் இல்லை. அன்றிலிருந்து என் அறையில் பட்டை சுற்றாமல் ஊசி உறையைப் பிரிப்பதில்லை.

வலி குறைந்தது என்பதுதான் அதில் என்னை இன்னும் உறுத்துகிறது. ஊசி ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் நான் இன்னும் சீக்கிரம் யோசித்திருப்பேன்.

சரி, இரும்புச்சத்து மாத்திரைக்கு வருவோம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சீன மருத்துவம் சொல்லும் 'ரத்தக் குறைவு' என்பது உடம்பின் நிலையைப் பற்றிய ஒரு வர்ணனை. வெளுத்த நாக்கு, மெல்லிய நாடி, தூக்கமின்மை, மறதி எல்லாம் அதில் சேரும். பரிசோதனைக்கூடம் சொல்லும் ஹீமோகுளோபின் ஒரு எண். பல நேரம் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும், ஆனால் ஊசியால் இரும்பை உள்ளே வைக்க முடியாது. பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 வாரம் இரும்புச்சத்து கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ரத்தம் ஏற்றிக்கொண்ட உங்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். மாத்திரை வயிற்றைப் புரட்டினாலோ மலம் இறுகினாலோ சொல்லுங்கள். வேறு வகை மாத்திரை இருக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் வழி இருக்கிறது, நரம்பு வழியாக ஏற்றவும் முடியும். உங்கள் அசதியில் பாதி, அழுகையிலும் கொஞ்சம், இந்தக் குறையால்தான் என்று தெரியவந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

இனி, ஊசி எங்கே உதவும்?

உங்கள் இடுப்பு, முதுகு வலிக்கு உதவும் என்று துணிந்து சொல்வேன். பத்து மாதம் முன்னால் தள்ளிய சுமை, தளர்ந்த இடுப்பு மூட்டுகள், இப்போது நாளெல்லாம் குனிந்து பால் கொடுக்கிற தோள் எல்லாம் சேர்ந்த வலி இது. சீன மருத்துவர்கள் இதற்கு 'பிரசவத்துக்குப் பிந்திய உடல்வலி' என்றே பெயர் வைத்து, திறந்து கிடக்கும் உடம்பில் காற்றும் குளிரும் நுழைந்தது என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் எப்படியோ இருக்கட்டும், வலிக்கு ஊசி என்பதில் ஆதாரம் இருக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கான சிகிச்சைகளில் ஒன்றாக அக்குபஞ்சர் போன்ற ஊசி முறைகளை 2023இல் உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கிறது. சிசேரியன் ஆன 180 பெண்களை வைத்து ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஊசி வைத்தவர்களுக்கு எழுந்து நடமாடும்போது இருந்த வலி மற்றவர்களைவிடக் குறைவு என்று அதில் தெரிந்தது. உங்கள் வலி நாள்பட்டதும் அல்ல, சிசேரியன் வலியும் அல்ல, அதனால் இவை உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அறையில் பார்த்தவரை, குழந்தை பெற்றவர்களுக்கு ஊசி மிக நன்றாக உதவுவது இந்த வலிக்குத்தான். வாரம் இரண்டு என்று நான்கிலிருந்து ஆறு முறை செய்து பாருங்கள். அதற்குள் மாற்றம் தெரியவில்லை என்றால் பத்தைப் பூர்த்தி செய்ய வேண்டியதில்லை.

பாலுக்கு ஊசி என்பது சீன மருத்துவத்தில் மிகப் பழைய வழக்கம். அதில் ஒரு நல்ல பாகுபாடு உண்டு. மார்பு தொளதொளவென்று மெத்தென்றிருந்து பால் நீர்த்து வந்தால் ரத்தமும் ச்சியும் குறைவு. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, மனசு இறுகி, பால் இருந்தும் இறங்காவிட்டால் தேக்கம். இந்தப் பாகுபாடு எந்தத் தாய்க்கும் பயன்படும், ஏனென்றால் முதலாமவளுக்குக் காரணம் தேட வேண்டும், இரண்டாமவளுக்குக் கட்டை இளக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக வைக்கும் புள்ளி எஸ்.ஐ.1. சுண்டுவிரல் நகத்தின் வெளி மூலையில், நகத்திலிருந்து ஒரு நூல் தள்ளி இருக்கிறது. இப்போதே உங்கள் விரலில் தொட்டுப் பாருங்கள், சதையே இல்லாத இடம். அங்கே ஊசி நுனி பட்டதும் சுள்ளென்று கையை இழுத்துக்கொள்வீர்கள். அரை வினாடிதான். பிறகு முழங்காலுக்குக் கீழே எஸ்.டி.36இல் வைக்கும்போது வலி அப்படி இருக்காது, கால் உள்ளே கனத்து மந்தமாக ஒரு இழுப்பு வரும். 'தே ச்சி' என்று அதைச் சொல்வார்கள், ஊசி சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததன் அடையாளம்.

இது பாலைக் கூட்டுமா? கூட்டியது என்று சொல்லும் ஆய்வுகள் சீனாவில் நிறைய உண்டு, பெரும்பாலானவை சிறியவை. அவற்றை நம்பி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பால் கூடுவதற்கு நிச்சயமான வழி, குழந்தை நன்றாக வாய் வைத்து அடிக்கடி குடிப்பதும், குடித்த பிறகும் மிச்சத்தைப் பீச்சி மார்பைக் காலி செய்வதும்தான். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்து, தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் குழந்தை வாய் வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு, கூடவே ஊசியும் வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. குழந்தையின் எடையை மட்டும் வாராவாரம் பாருங்கள். ஏறவில்லை என்றால் புட்டிப்பால் சேர்ப்பதில் ஒரு குற்றமும் இல்லை. அதற்காக உங்களை யாரும் குறை சொல்ல விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பாலை வற்ற வைப்பதற்கும் அதே மருத்துவத்தில் புள்ளிகள் உண்டு, காலின் வெளிப்பக்கத்தில் ஜி.பி.37உம் ஜி.பி.41உம். இடுப்பு வலிக்கும் தலைவலிக்கும் ஜி.பி. பாதையில், அதாவது பித்தப்பைப் பாதை என்று அவர்கள் சொல்லும் கோட்டில், ஊசி வைப்பது சகஜம். அதனால் "நான் பால் கொடுக்கிறேன்" என்பதை ஒவ்வொரு முறையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ராத்திரி அழுகை பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் கடைசியில் வைத்தாலும் நான் அப்படி வைக்க மாட்டேன். பிரசவமான முதல் இரண்டு வாரத்துக்குள் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலோருக்கு உண்டு, தானாகப் போய்விடும். ஐந்தாம் வாரத்திலும் வருகிறதென்றால் அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் 1987இலிருந்து இருக்கிறது. எந்த மகப்பேறு மருத்துவரிடமும் கேட்கலாம், ஐந்து நிமிட வேலை. ரத்தக்குறைவும் தைராய்டும்கூட இதே முகத்தோடு வரும், அவற்றுக்கான பரிசோதனையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் அமைதியான அறையில் படுத்து ஊசி வைத்துக்கொள்வது தூக்கத்துக்கு இதமாக இருக்கும், நானே பலருக்குச் செய்கிறேன். ஆனால் மனச்சோர்வுக்கு அதையே மருந்தாகக் கொடுத்து அனுப்பும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. பேச்சு சிகிச்சை இருக்கிறது, பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்துபோனால்கூட, அன்றைக்கே, அந்த மணியே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எண்ணம் வருவது நோயின் வேலை. நீங்கள் கெட்ட தாய் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஊசி வைத்துக்கொள்ளப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ரத்தம் குறைந்த உடம்பு மயங்கிவிடும். போகும் முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிடுங்கள். கனத்த மார்போடு குப்புறப் படுக்கவும் முடியாது, முதுகுக்கு ஒருக்களித்துப் படுத்தே ஊசி வைக்கலாம். ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், ஒருமுறை போட்டது குப்பைக்குப் போக வேண்டும். மார்புக்கு மேலும் தோளிலும் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைத் தொட்டுவிடும், அங்கே வைப்பவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும். அடிவயிற்றில் வைப்பதென்றால் சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். என்னைக் கேட்டால், ஸ்கேன் முடியும்வரை அடிவயிற்றில் ஊசியே வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாசிபத்திரி இனத்து இலையை உருட்டிக் கொளுத்திச் சூடு காட்டுவார்கள், மாக்ஸா என்பார்கள். அது இதமாகத்தான் இருக்கும், ஆனால் நிறையப் புகையும். அந்த அறைக்குள் குழந்தை வேண்டாம்.

கூடவே கஷாயப் பொடி கொடுத்தால் அது வேறு கதை. ஊசிக்குச் சொன்ன "பாலில் எதுவும் இறங்காது" என்ற பதில் மூலிகைக்குப் பொருந்தாது. பிரசவித்தவர்களுக்குச் சீனர்கள் கொடுக்கும் பிரபலமான கஷாயம் ஷெங் ஹுவா தாங், அதில் முக்கியச் சரக்கு தாங்குவெய் என்ற வேர். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வேர் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காரணம் தெரியாமல் உதிரம் போய்க்கொண்டிருக்கும் உங்களுக்கு இப்போது எந்தப் பொடியும் வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, முட்டை அளவில் கட்டி விழுவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், உதிரத்தில் துர்நாற்றம், விடாத தலைவலியோடு கண் மங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்கு. கெண்டைக்கால் வலிக்கு ஊசி வைக்கிறேன், பிடித்துவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் காலைக் கொடுக்காதீர்கள். பிரசவமான ஆறு வாரத்துக்குள் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

உங்கள் அக்குபஞ்சர் சிகிச்சையாளரிடம் கோபப்பட்டுப் பேச வேண்டியதில்லை. "ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறேன், இரும்பு மாத்திரையை நிறுத்தப் போவதில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். "சரிம்மா, முடிவைக் கொண்டுவாங்க, பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்" என்று சொல்பவராக இருந்தால் அவரிடமே போகலாம். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையிலேயே மருத்துவமனைக்குப் போன் செய்து, ரத்தப்போக்கு திரும்பியிருப்பதையும் நஞ்சு தாமதமானதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லி நேரம் வாங்குங்கள். அதுவரை, சிவப்பாக எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். கருப்பை சுத்தமாக இருந்தால், இடுப்புக்கு எந்தெந்தப் புள்ளிகளில் வைக்கலாம் என்று உங்கள் சிகிச்சையாளரிடம் காட்ட நானே எழுதி அனுப்புகிறேன்.